மாமா எழுத மறுத்த செய்தி

எங்கள் மாமா போதகர் அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பத்திரிகைக்காரராகி எங்கள் வீட்டில் வந்து இறங்கிய அன்று அம்மா அழுதாள். அப்பா புதிதாக ஒரு கட்டில் வாங்கிப் போட்டார். நான் மறுநாளே பள்ளிக்கூடத்தில், இனிமேல் எங்கள் மாமாவின் பெயர் பேப்பரில் முதல் பக்கத்தில் வரும் என்று அறிவித்துவிட்டேன். மூன்று பேரில் அதிகம் அவசரப்பட்டவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமா அம்மாவின் அண்ணன். எல்லைப் பக்கத்துத் தமிழ் ஊர்களில் பதினோரு வருடம் போதகராக இருந்தவர். எங்கள் சபைகளில் போதகரை அய்யர் என்று அழைப்பது வழக்கம். ‘எங்க அண்ணன் அய்யரு’ என்று சொல்லும்போதெல்லாம் அம்மாவின் கழுத்து கொஞ்சம் நிமிரும். அப்படிப்பட்ட அண்ணன் ஒரு மலையாள நாளிதழில் மதச் செய்திகள் எழுதும் நிருபராகப் போய்ச் சேர்ந்தால், தங்கை சபையில் எப்படித் தலைகாட்டுவாள்? வளைகுடாவில் நர்ஸாக இருந்த மாமி ‘உங்க இஷ்டம்’ என்று போனில் சொல்லிவிட்டாராம். அம்மாவால் அப்படி விட முடியவில்லை. ஏன் இந்த வேலை செய்தீர்கள் என்று முதல் நாள் சாப்பாட்டின்போதே கேட்டுவிட்டாள்.

“பிரசங்கத்துல நான் மட்டுமாக்கும் பேசுதேன். பதினோரு வருஷம் பேசியாச்சு. இனி கொஞ்சம் மத்தவங்க பேசுறத கேக்கலாம்னு பாத்தேன்” என்றார் மாமா. அம்மா மீன்குழம்பை அவர் தட்டில் சற்று வேகமாகவே ஊற்றினாள்.

அப்பாவுக்கு ஆரியசாலையில் வற்றல் மிளகாய் மொத்தக் கடை. அதன் மேல்மாடிதான் எங்கள் வீடு. முதல் வாரம் முழுக்க மாமா தும்மிக்கொண்டே இருந்தார். அப்புறம் பழகிவிட்டது. பழகாதது ஆபீஸ்தான். ஆறு மாதம் பார்க்கலாம், சரிப்பட்டால் நிரந்தரம் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருந்தார். பழைய பாதிரியார் தன் பக்கத்தைத்தானே தூக்கி எழுதுவார் என்று அங்கே எல்லோருக்கும் ஒரு சந்தேகம். கோயிலோ பள்ளிவாசலோ சர்ச்சோ, எங்கே போனாலும் மாமா வழிபாடு முடிகிறவரை கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். நோட்டை வெளியே எடுக்கமாட்டார். எழுதி முடித்ததும், யாரைப் பற்றி எழுதினாரோ அவரிடமே போய் வாசித்துக் காட்டுவார். சரிதான் என்று அவர் தலையாட்டிய பிறகுதான் ஆபீசுக்குக் கொடுப்பார். இதனால் ஒவ்வொரு செய்தியும் ஒரு நாள் பிந்தும். பிந்திய செய்தி எட்டாம் பக்கத்தில் பெயரில்லாமல் வரும். வகுப்பில் நான் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

ஐந்தாவது மாதத்தில்தான் அந்த அதிசயம் நடந்தது. வித்துரா தாண்டிக் கல்லாறு போகிற வழியில் ஒரு சின்ன சர்ச். அங்கே பீடத்துக்குப் பின்னால் நிற்கும் பலாமரச் சிலுவை வெள்ளிக்கிழமைதோறும் கண்ணீர் விடுகிறது என்று நகரம் வரை பேச்சு வந்தது. அதைத் தொட்டு நாக்கில் வைத்தவர்கள் கசப்பாக இருந்ததாகச் சொன்னார்கள். துக்கம் கசக்கத்தானே செய்யும் என்று சபையார் விளக்கமும் கொடுத்தார்கள். ஆசிரியர் மாமாவைக் கூப்பிட்டு, இது உன் விஷயம், போய்ப் பார்த்து எழுது, முதல் பக்கத்தை ஒதுக்கி வைக்கிறேன் என்றார். ஓணம் விடுமுறை. கல்லாற்றில் கால் நனைக்கலாம் என்ற ஆசையில் நானும் தொற்றிக்கொண்டேன்.

சர்ச் வாசலில் ஏழெட்டு வேன்கள் நின்றன. சாயாக்கடை புதிதாக முளைத்திருந்தது. உள்ளே உபவாச ஜெபம். மழை இருட்டில், சிலுவையின் இரண்டு கைகளிலிருந்தும் சொட்டுச் சொட்டாக நீர் இறங்குவதை நானே பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பெண் சுகமில்லாத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன்.

ஜெபம் முடிந்ததும் மாமா சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். மணியடித்து, கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றுகிற கோயில்குட்டியின் வீடு அது. அவர் இறந்துபோய் இரண்டு வருடம். அவருடைய மனைவிதான் அந்த வேலைகளைச் செய்துகொண்டு அங்கேயே இருந்தார். கண்ணில் புரை விழுந்த, மெலிந்த அம்மாள். மாமாவை உற்றுப் பார்த்தார்.

“எங்க அக்காவ அடக்கம் பண்ணின அய்யருல்லா நீங்க?” என்று கேட்டவர், மாமா ஆமாம் என்பதற்குள் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். மலையின் ஈரக்காற்றில் சிலுவையில் பூஞ்சை படரும். வேப்பிலையைக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரில் துணியை நனைத்து, வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் அவர் துடைப்பார். கண் சரியாகத் தெரியாததால் துணியைப் பிழிவது போதாமல், மரத்தின் செதுக்கல்களில் தண்ணீர் தேங்கிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை யாரோ அதைப் பார்த்து ஆவென்று கூச்சலிட, இவர் வாயைத் திறப்பதற்குள் ஊரே கூடிவிட்டது. இப்போது சொன்னால் ஏமாற்றுக்காரி என்று அறையைப் பிடுங்கிக்கொள்வார்கள். போக இடமில்லை.

“துடைச்சா பொய்யாவுது, துடைக்கலைன்னா பூஞ்சை பிடிக்குது. நான் என்ன செய்ய அய்யரே?”

மாமாவின் நோட்டு அதற்குள் பைக்குள் போயிருந்தது. அவர் அந்த அம்மாளின் தலையில் கை வைத்து ஜெபித்தார். நான் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் மாமாவின் பெயர் எத்தனை பெரிய எழுத்தில் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பேப்பரில் நான்கு வரி வந்தது. கூட்டம் அதிகம், பஸ் வசதி போதாது, குடிதண்ணீர் இல்லை. அவ்வளவுதான். வேறொரு பேப்பர் அரைப் பக்கத்துக்குப் படத்தோடு அதிசயத்தை வெளியிட்டிருந்தது. ஆசிரியர் கொதித்துப்போய் மாமாவைச் சரமம் பக்கத்துக்கு மாற்றிவிட்டார். நம் ஊர்ப் பேப்பர்களில் செத்துப்போனவர்களின் படமும் அடக்க நேரமும் வரிசையாக வருமே, அந்தப் பக்கம்.

“அய்யரா இருந்தப்பவும் அடக்கம், பேப்பர்ல போயும் அடக்கம்” என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். “உள்ளத எழுதிருங்க அத்தான், பர்மனன்ட் ஆயிரும்” என்று அப்பா நயமாகச் சொல்லிப் பார்த்தார். நடந்ததை நான்தான் வீட்டில் ஒலிபரப்பியிருந்தேன்.

மாமா அசையவில்லை. வாரம் ஒருமுறை, தன் லீவு நாளில், பஸ் பிடித்துப் போய் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு வந்தார். போனால் என்ன பேசுவீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் பேசுவதில்லை, பால் விடாத கட்டன் சாயா குடிப்போம் என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. தெரிந்ததை எழுத உங்களுக்கு என்ன கேடு என்று, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அளவுக்குக் கத்தினேன்.

மாமா கோபப்படவில்லை, என்னை மக்களே என்று கூப்பிடுவதையும் விடவில்லை. “அந்த அம்மா என்கிட்ட சொல்லல மக்களே. நான் முந்தி அய்யரா இருந்தேம்லா, அந்த ஆளுகிட்டயாக்கும் சொன்னா. பேப்பர்காரன்கிட்ட சொல்லணும்னா அவளே இன்னொரு தடவ சொல்லட்டும்” என்றார்.

இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாக எனக்குப் பட்டது. ஆள் ஒருவர்தானே? மாமாவுக்குப் பிழைக்கத் தெரியவில்லை, நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானித்தேன். அப்பாவின் மேசையிலிருந்து ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்து, பள்ளிக்கூட மலையாளத்தில், அழகான கையெழுத்தில் ஆசிரியருக்கு எழுதினேன். சிலுவை அழவில்லை, அது வேப்பிலைத் தண்ணீர், துடைக்கிற அம்மாளே சொன்னார், என் மாமாவுக்கு எல்லாம் தெரியும், அவருக்கு முதல் பக்கம் கொடுங்கள். ஆரியசாலை முக்கில் இருந்த தபால்பெட்டியில் எக்கிப் போட்டுவிட்டு, ஆடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் மாமா ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். ஆசிரியர் கடிதத்தை மேசையில் வைத்து, கையில் செய்தியை வைத்துக்கொண்டா மறைத்தாய் என்று சத்தம் போட்டாராம். சனிக்கிழமைக்குள் எழுதிக்கொடு, இல்லாவிட்டால் வேறு ஆளை அனுப்புவேன், நீ வரவே வேண்டாம் என்று கெடு வைத்துவிட்டார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு என்னைத் தேடினாள். அடி விழுவதற்கு முன் மாமா குறுக்கே வந்து, நாளைக்கு இவளும் என்னோடு வரட்டும் என்றார். எனக்குப் பரிசு கொடுக்கத்தான் கூட்டிக்கொண்டு போகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனோம். அந்த அறையில், மாமா நின்றுகொண்டே பேசினார்.

“அம்மா, நீங்க அய்யர்னு நெனச்சு சொன்ன காரியம் என் வழியா ஆபீசுக்குப் போயிட்டு. தப்பு என்மேலதான். உங்க பேர நான் எழுதமாட்டேன். ஆனா இனி வேற யாராவது வருவாங்க. அதுக்கு முன்ன உங்ககிட்ட சொல்லி மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்.”

எனக்குத் தாங்கவில்லை. கஷ்டப்பட்டு எழுதியது நான், பெயரைத் தட்டிக்கொண்டு போவது மாமாவா? அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “மாமா இல்ல, நானாக்கும் எழுதுனது!” என்று உரக்கச் சொன்னேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து என்னைப் பார்த்தார்.

“எத்தனாங் கிளாசு படிக்கே?”

“நாலு.”

அவர் அடுப்பில் மீதியிருந்த வேப்பிலைத் தண்ணீர்ப் பானையைப் பார்த்தார். “நாலாங் கிளாசுப் பிள்ளையே சொல்லியாச்சு. இனி நான் யாருக்காக மூடி வைக்க?” என்று எழுந்தார்.

ஜெபம் ஆரம்பித்திருந்தது. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் வேப்பிலைத் தண்ணீரோடு நடுவழியாக நடந்து பீடத்துக்குப் போனார். பானையைக் கீழே வைத்தார். துணியை நனைத்து, எல்லோரும் பார்க்கச் சிலுவையைத் துடைக்கத் தொடங்கினார். நடுமரம் முடிந்தது. கைகளில் சொட்டு சேர்ந்து இறங்கியது. பாட்டு வரிசை வரிசையாக நின்றுபோயிற்று. “தட்டிப்பு!” என்று பின்னாலிருந்து ஓர் ஆள் மலையாளத்தில் கத்தினார், மோசடியாம். அந்த அம்மாள் துடைப்பதை நிறுத்தவில்லை. மேல்முனை எட்டவில்லை. பானையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு எம்பினார், முடியவில்லை.

கடைசி வரிசையில் இருந்த மாமா எழுந்து போய்ப் பானையை வாங்கிப் பிடித்துக்கொண்டார். முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் ஏறித் துடைத்து முடிக்கிறவரை மாமா அங்கேயே பானையோடு நின்றார். எத்தனையோ மேடைகளில் பிற்பாடு அவரைப் பார்த்திருக்கிறேன். அன்று நின்ற அளவுக்கு அவர் எங்கேயும் அழகாக நின்றதில்லை. கத்திய ஆள் வெளியே போய்விட்டார். அவரோடு இன்னும் பலர் போனார்கள். சுகமில்லாத குழந்தையின் தாய் மட்டும் எழுந்து வந்து, கீழே விழுந்த துணியை எடுத்துக் கொடுத்தாள்.

அந்த அறையில் உட்கார்ந்துதான் மாமா செய்தியை எழுதினார். வழக்கம்போல வாசித்துக் காட்டினார். அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, வேப்பிலைத் தண்ணீர் மரத்துக்கு நல்லது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். மாமா சேர்த்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், என் பெயர் வருமா என்று கேட்டேன். வராது என்றார். நெடுமங்காடு வரை அழுதேன். அவர் என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். பஸ் நின்றபோது இறங்கிப் போய் வாழைப்பழ பஜ்ஜி மாதிரியான பழம்பொரி ஒன்று வாங்கி வந்து என் கையில் வைத்து, “கையெழுத்து நல்லா இருக்குன்னு எடிட்டர் சொன்னாரு மக்களே” என்றார்.

செய்தி வந்தது, உள்பக்கத்தில். அந்த அம்மாளின் பெயர் இல்லை, மாமாவின் பெயரும் இல்லை. முன்னாள் பாதிரியாரிடம் கிழவி கொடுத்த வாக்குமூலம் என்று தலைப்புப் போட ஆசிரியர் விரும்பினாராம். மாமா சம்மதிக்கவில்லை. அதற்குத் தண்டனையாக இன்னும் ஒரு வருடம் சரமம் பக்கத்திலேயே கிடந்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. செத்தவர்களின் வீடுகளுக்குப் போன் செய்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் மூன்று வரி எழுதத் தொடங்கினார். அந்த மூன்று வரிகளுக்காகவே பேப்பர் வாங்கியவர்கள் இருந்தார்கள். பிறகு வாரப் பத்தி, பிறகு ஒன்பது புத்தகங்கள். இன்று இந்த நகரத்தில் கோயில் தந்திரியும் மௌலவியும் பிஷப்பும் ஒரே ஆளை நம்பிப் பேசுகிறார்கள் என்றால் அது எங்கள் மாமாவிடம்தான். அந்த அம்மாளின் அறையை யாரும் பிடுங்கவில்லை. பிடுங்காமலிருக்க மாமா சபைக் கமிட்டியாரின் வீடுவீடாக ஏறி இறங்கியது அம்மா சொல்லிப் பிற்பாடுதான் எனக்குத் தெரியும்.

என் ஓர் இன்லண்டால் ஒரு விதவை தெருவில் நின்றிருப்பார், மாமா வேலையை இழந்திருப்பார் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அன்று தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: நான் எழுதிப் போட்டேன், மாமா எழுத்தாளரானார். கல்லூரி முடிக்கும்வரை இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பல தடவை மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் ஒரு தடவைகூட மறுக்கவில்லை.