ஒரே தோலில் இரண்டு அட்டை

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் முதன்முதலாக உப்புக் கரித்த வருஷம் அது. அதுவரை அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வெந்தது. ஒருநாள் வேகவில்லை. கடைக்காரர் பழைய பருப்பைத் தள்ளிவிட்டார் என்று அத்தை அவரிடம் சண்டைக்குப் போனாள். உங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். தோல் ஷாப்புகளிலிருந்து ஓடுகிற தண்ணீர் மண்ணுக்கடியில் இறங்கிவிட்டது என்று தெரிவதற்குள், தெருவில் நாலு குடும்பம் அந்தக் கடைக்காரரோடு பேச்சை நிறுத்தியிருந்தது. அவர் பாவம், நல்ல பருப்புத்தான் விற்றார்.

கிணற்றை விடுங்கள். எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. ஷாப்பு என்றால் கடை இல்லை, தோல் பதனிடுகிற இடம். ஆம்பூரில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அப்பா ஒரு ஷாப்பின் ஆபீஸில் வேலை பார்த்தார். காலையில் கதவு திறப்பது, பானையில் தண்ணீர் பிடிப்பது, கடிதங்களைத் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோவது. எந்தக் கடிதம் யாருக்கு என்று உறையின் நிறத்தையும் தபால்தலை ஒட்டியிருக்கிற அழகையும் வைத்துச் சொல்வார். படிக்கத் தெரியாது. எனக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு நான் இரண்டு மாதம் போனேன். தம்பி பிறந்து அம்மா படுத்த படுக்கையானதும், குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமென்று என்னை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை.

அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உடம்பில் இனி நோய் ஒன்றும் இல்லை, அவளாக எழுந்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார்களாம். அம்மா எழுந்திருக்கவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். அத்தை வந்து சமைத்தாள். அந்த நாட்களில் அம்மா தானாக வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்பா சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது கேட்பாள்.

"இன்னைக்கு இன்னா பக்கம்?"

கோயிலில் அப்பாவுக்கு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். எங்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில். நாளைக்கு ஒரு பக்கம் என்று வருஷம் முழுதுக்கும் உள்ள புத்தகம். ஒரு வசனம், அதற்குக் கொஞ்சம் விளக்கம், கடைசியில் ஒரு சின்ன ஜெபம். படிக்கத் தெரியாத மனுஷனுக்கு எதற்குக் கொடுத்தார்கள் என்றால், வரிசையில் நின்றார், கொடுத்தார்கள். அதை அப்பா ஆபீசுக்குக் கொண்டுபோனார். அங்கே படித்துக் காட்டியவர் ரைட்டர்.

ரைட்டர் என்றால் ஆபீஸில் எழுதுகிறவர். பள்ளிகொண்டாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நெற்றியில் நாமம் வியர்வைக்குக்கூடக் கலையாது. மத்தியானம் கை கால் கழுவிவிட்டுத் தம்முடைய பெருமாள் தோத்திரப் புத்தகத்தை எடுத்து உதடு அசையப் படிப்பார். மூடிவைத்ததும் அப்பாவின் புத்தகத்தை எடுத்து, அன்றைய பக்கத்தை உரக்கப் படிப்பார். அப்புறம்தான் தயிர்சாத டப்பா திறக்கும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற நான் கதவோரம் குந்திக்கொண்டு கேட்பேன்.

"நேத்தும் பொறுமையா இருன்னாரு, இன்னைக்கும் அதையேதான் சொல்றாரு உங்க சாமி" என்பார் ரைட்டர்.

"நாங்க நேத்து சொன்னத கேக்கலையே, அதான்" என்பார் அப்பா.

"எங்க ஊர் பெருமாளப் பாரு. ஒரு வார்த்தை பேசறதில்ல. படுத்துக்கினே எல்லாத்தையும் பாத்துக்கறாரு."

"எங்க வூட்லயும் ஒருத்தி அப்படித்தான் படுத்துக்கினு கீறா" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். ரைட்டர் உடனே டப்பாவைத் திறப்பார்.

கேட்ட பக்கத்தை அப்பா சாயங்காலம் வீட்டில் மனப்பாடமாகச் சொல்வார். வழியில் கொஞ்சம் சிந்திப்போகும். விட்டதை நான் எடுத்துக் கொடுப்பேன். அம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்பாள். ஜெபம் வரும்போது மட்டும் எங்கள் பக்கம் திரும்புவாள். அவள் திரும்புகிற அந்த ஒரு நிமிஷத்துக்காக அப்பா நாள் முழுதும் அந்தப் பக்கத்தை மூட்டைபோலச் சுமந்து திரிந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பெருமழை. ரைட்டர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். ஆபீஸ் ஓட்டில் ஒழுகி, அலமாரியில் இருந்த இரண்டு புத்தகமும் நனைந்துவிட்டன. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை நாள், ஷாப்புக்கு லீவு. அப்பா இரண்டையும் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்போரம் விரித்துவைத்தார். பக்கங்கள் காய்ந்தன. அட்டைகள் கையோடு வந்துவிட்டன.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஷாப்பின் பின்பக்கம் வெட்டித் தள்ளிய துண்டுத் தோல்கள் குவிந்திருக்கும், யார் எடுத்தாலும் கேட்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் போய்க் கிளறினேன். பழுப்பாய், வழவழவென்று ஒரு பெரிய துண்டு கிடைத்தது. அத்தையின் அரிவாள்மணையில் அதை இரண்டாக அறுத்தேன். அதற்கு வாங்கிய அடி தனி. புத்தகத்தின் மேல் தோலைப் போர்த்திப் போர்த்திப் பார்த்தேன், நிற்கவில்லை. அம்மா சுவர்ப் பக்கமிருந்து திரும்பினாள்.

"மடிச்சி தைக்கணும்டா. ஊசிய எடு."

படுத்துக்கொண்டு தைக்க முடியுமா? முதலில் ஒரு முழங்கையை ஊன்றினாள். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அத்தை அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். ஒன்றும் பேசாதே என்று எனக்கு ஜாடை காட்டினாள். அம்மா ஊசியைக் குத்தினாள்.

"இன்னாடா தோலு இது, ஊசி எறங்க மாட்டேங்குது" என்றாள். ஆனால் நிறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் இரண்டு புத்தகத்துக்கும் ஒரே மாதிரி அட்டை, ஓரத்தில் சங்கிலித் தையல்.

வெளியே போயிருந்த அப்பா வந்தார். அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு செருப்போடு நின்றார். அவள் புத்தகங்களை நீட்டினாள். அவர் வாங்கினார், ரைட்டருடைய புத்தகத்தைத் தடவினார், முகம் மாறிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது ஆடா, மாடா?"

எனக்குத் தெரியவில்லை. குவியலில் எல்லாம் கலந்துதான் கிடந்தது.

"ரைட்டரு சாமி புத்தகம்டா அது" என்றார் அப்பா. அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்: "நல்லா இருக்குதா?"

"ஜோரா கீது" என்றார் அப்பா. அவருக்கு வேறு வழியில்லை. தையலைப் பிரித்தால் அம்மா படுத்துவிடுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் நான் சாப்பாட்டோடு போனபோது புத்தகங்கள் மேஜைமேல் இருந்தன. ரைட்டர் கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"இன்னாப்பா இது?"

"மழையில அட்டை பூட்ச்சிங்க. பையன் துண்டுத் தோலு எடுத்தாந்தான். வூட்ல தச்சாங்க."

"இன்னா தோலு?"

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலைங்க" என்றார்.

ரைட்டர் தம் நாற்காலிக்குப் போனார். டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். அன்று அவர் புத்தகமும் படிக்கப்படவில்லை, எங்கள் புத்தகமும் படிக்கப்படவில்லை. மேஜையில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக, அண்ணன் தம்பி மாதிரி கிடந்தன.

சாயங்காலம் அம்மா உட்கார்ந்தபடியே கேட்டாள்: "இன்னைக்கு இன்னா பக்கம்? ரைட்டரு அட்டைய பாத்துட்டு இன்னா சொன்னாரு?"

"அவருக்கு ரொம்ப புடிச்சிது" என்றார் அப்பா. பிறகு பக்கத்தைச் சொன்னார். அப்படி ஒரு பக்கம் அந்தப் புத்தகத்திலேயே இல்லை. ஒரு மனுஷன் மழையில் நனைந்தான், கர்த்தர் அவனுக்குக் குடை கொடுத்தார், அவ்வளவுதான். நான் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. ஜெபத்தை அப்பா இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

"பக்கம் சின்னதா கீதே" என்றாள் அம்மா.

ஞாயிறு போய்த் திங்கள் வந்தது. ரைட்டர் மேஜையைத் துடைத்தார், புத்தகங்களைச் சுற்றித் துடைத்தார், தொடவில்லை. அப்பா அன்றும் ஒரு பக்கத்தைச் சொந்தமாகச் செய்தார். அதில் அந்தக் குடை மறுபடியும் வந்தது. அம்மா கடைசிவரைக்கும் கேட்டாள், ஆனால் கேட்டு முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் பயந்துபோனேன். என்னால்தான் பக்கம் நின்றது, பக்கம் நின்றதால் அம்மா படுத்தாள், இவ்வளவும் எனக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொழுகை முடித்துவிட்டு பாய் ஆபீசுக்குள் வந்தார். எங்கள் ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிறவர் அவர். தோலின்மேல் கட்டைவிரலை ஒருதரம் ஓட்டினால் போதும், இன்ன மிருகம், இன்ன வயது, இன்ன தரம் என்று சொல்லிவிட்டு அடுத்த தோலுக்குப் போய்விடுவார். முதலாளியே எதிர்த்துப் பேசமாட்டார். பாய் சொன்னால் சொன்னதுதான்.

ரைட்டர் அவரைப் பார்த்து, "பாய், இத கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்று தம்முடைய புத்தகத்தைக் காட்டினார். "நீங்க சொல்றதுதான் எனக்கு."

பாய் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்தார். கட்டைவிரல் ஒருதரம் ஓடியது. பாய் வாய் திறக்கவில்லை. தையலைப் பார்த்தார்.

"யார் தச்சது?"

"எங்க வூட்ல" என்றார் அப்பா.

"படுத்துக்கினு இருந்தாங்களே."

"இத தைக்கத்தான் எழுந்து உக்காந்தா பாய். மறுபடியும் படுத்துட்டா."

பாய் இன்னொரு தரம் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது தரமும் தடவினார்.

"ஆடு" என்றார். "நல்ல ஆடு, ரைட்டர் சார். கொஞ்சம் கனம் ஜாஸ்தி, வேற ஒண்ணுமில்ல."

ரைட்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாய் சொன்னா அப்பீல் ஏது?" என்றார். "கோயில் மேளத்துலயே ஆட்டுத்தோலு இருக்குது. புத்தகத்துல இருந்தா இன்னா?" இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்று எங்கள் புத்தகத்தில் விட்டுப்போன பக்கங்களையும் சேர்த்து நாலு பக்கம் படித்தார். பாயும் உட்கார்ந்து கேட்டார். தயிர்சாதம் புளித்தே போயிருக்கும். சாயங்காலம் அப்பா நாலு பக்கத்தையும் சொல்ல, நான் எடுத்துக் கொடுக்க, அம்மா எழுந்து உட்கார்ந்து, "இத்தனை பக்கமா? அதுல அந்தக் கொடை எங்க போச்சி?" என்று கேட்டாள். அப்பா முழித்தார். அம்மா சிரித்தாள். அடுத்த மாதத்தில் அடுப்பை அம்மாவிடம் விட்டுவிட்டு அத்தை தன் ஊருக்குப் போனாள்.

நானும் பிறகு அதே ஷாப்பில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். எழுத்து வராத என் கைக்குத் தோல் வந்தது. ஆட்டுத்தோலில் மயிர்க்கால் வரிசை வரிசையாக இருக்கும். கன்றுத்தோலில் ரவை தூவினமாதிரி எங்கும் ஒரே சீராக இருக்கும். விரலுக்கு அது பிடிபடப் பல வருஷம் ஆகும். பிடிபட்ட பிறகு ஒருநாள் வீட்டில் அப்பாவின் புத்தகத்தை எதற்கோ எடுத்தேன். கட்டைவிரல் தானாக ஓடியது. ரவை.

கன்றுக்குட்டி. இரண்டு அட்டையும் ஒரே துண்டில் அறுத்தது, என் கையால் அறுத்தது.

ஒருதரம் தொட்டால் போதுமென்ற மனுஷன் ஏன் மூன்று தரம் தடவினார் என்று அப்போதுதான் விளங்கியது. இரண்டாவது, மூன்றாவது தடவல் தோலைப் பார்க்க இல்லை. கண்ணை மூடி அவர் யாரிடம் உத்தரவு கேட்டார் என்பது அவருக்கும் அவருடைய அல்லாவுக்கும் தெரியும்.

அப்படியானால் ரைட்டர் ஏமாந்தார் என்றுதான் கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆபீஸ் வாசலில் ஆட்டுத்தோல் கட்டு ஒன்றை இறக்கினோம். ரைட்டர் தலையை நிமிர்த்தவில்லை, கண்ணாடியைக்கூடத் தூக்கவில்லை. மூக்கை மட்டும் சுருக்கிக்கொண்டு, "உள்ள ஒரு கன்னுத் தோலு மாறி வந்துட்ச்சி பாரு, எடுத்துடு" என்றார். பிரித்துப் பார்த்தோம். இருந்தது.

இப்போது என் பேத்தி ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். அன்றன்றைய பக்கம் அவளுக்குப் போனிலேயே வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கும் படித்துக் காட்டுவாளாம். நான் சொல்லச்சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான்.

ரைட்டர் அந்தப் புத்தகத்தைக் கடைசிவரை வீட்டுப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார் என்று கேள்விப்பட்டேன். பாயும் இல்லை, ரைட்டரும் இல்லை, தைத்தவளும் இல்லை. பள்ளிகொண்டாவில் அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைக் கேட்டவர்கள் யாராவது அந்தப் பக்கம் போய், அவர்கள் அந்த அட்டையைக் காட்டி இது என்ன தோல் என்று கேட்டால், ஆட்டுத்தோல் என்று சொல்லுங்கள். ஆம்பூரில் தோல் தெரிந்த கிழவன் ஒருவன் தொட்டுப் பார்த்துச் சொன்னான் என்று சொல்லுங்கள்.