லைட்டும் லேட்டும்

ஓய்வூதியர் உயிரோடிருக்கிறாரா என்று ஆண்டுதோறும் சரிபார்க்கும் கருவூல ஊழியர் என் எதிரே பென்சில் சீவினார். அந்த மரவாசனை, என் பதினைந்து வயதின் கொட்டாரம் ஊர்ச் சுருக்கெழுத்துப் பயிலகத்தை, தடுப்புத் தட்டிக்கு அப்பால் தட்டச்சுப்பொறிகள் படபடக்க, ஆசிரியர் மூச்சுவிடாமல் வாசிக்க, எங்கள் பென்சில்கள் தாளில் உரசிக்கொண்டிருந்த மாலைகளை, இன்று கைபேசிக் கடையாகிவிட்ட அந்த அறையோடு கொண்டுவந்தது.

வேகம் கூடினால் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் உயிரொலி போய்விடும். ‘லைட்’டுக்கும் ‘லேட்’டுக்கும் ஒரே கோடுதான், வரிக்கு மேலே எழுதினால் விளக்கு, வரியிலேயே எழுதினால் காலஞ்சென்றவர். பக்கத்து இருக்கையில் என்னைவிட மூத்தவளான தங்கம் எப்போதும் வரியில்தான் எழுதுவாள். இறந்த அப்பாவின் அரசு வேலையைக் கேட்டு, அவர் பெயருக்கு முன்னால் ‘லேட்’ போட்டு மனு எழுதியே பழகிய கை அது.

“ஏட்டி, ஊருல ஒருத்தரையும் உயிரோட விடமாட்டியா?” என்பார் ஆசிரியர்.

தேர்ச்சி பெற்றால்தான் வேலை; வாரிசு வேலைக்கான காலக்கெடுவுக்குள் அவளுக்கு அதுவே கடைசித் தேர்வு. சேர்ந்தே எழுதினோம். வெளியே வந்ததும் கேட்டாள்: “வாசிச்சது முழுக்கச் செத்துப்போன ஆளுவளப் பத்தித்தான மக்கா?”

தெருவிளக்குப் பராமரிப்பைப் பற்றிய பத்தி அது. ஆமாம் என்றேன். முடிவு வர மூன்று மாதம் ஆகும் என்பது நடைமுறை.