கல்யாணக் காருக்கு ஆறு இறக்கை ஃபேன்

ஆந்திரா தனி மாநிலமாகி, திருத்தணி எந்தப் பக்கம், சத்தியவேடு எந்தப் பக்கம் என்று டீக்கடைக்கு டீக்கடை பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்த காலம். புத்தூரில் நான் ஒரு பழைய சீமைக் காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் தங்கச்சிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை திருத்தணிக்காரர். கல்யாணம் எங்கள் ஊரிலா, அவர்கள் ஊரிலா என்று எல்லைத் தகராறு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாகத் திருமலையில் வைத்துக்கொள்வோம் என்று முடிந்தது.

பொண்ணையும் எங்களோடு பஸ்ஸிலேயே அனுப்பிவிடுங்கள், உங்கள் கார் மலை ஏறாது என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். எனக்கு வந்ததே கோபம்! என் தங்கச்சி கல்யாணத்துக்கு என் கார் இருக்க, பஸ்ஸா? வாயால் வீறாப்புப் பேசிவிட்டேன். ஆனால் அந்தக் கார் அதுவரை ஒரு தடவைகூட மலை ஏறியதில்லை.

மறுநாளே மெட்ராஸுக்கு ஓடினேன். மோட்டார் சாமான் கடைக்காரர் ஒருவர் ஆறு இறக்கை ஃபேனையும், ரேடியேட்டரோடு சேர்த்து மாட்டுகிற தனித் தண்ணீர் டாங்கியையும் எடுத்து வைத்தார். இதை மாட்டினால் வண்டி இமயமலையே ஏறும் என்றார். அவர் எந்தக் காரில் இமயமலைக்குப் போனார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கம்பெனிக்காரன் போட்ட நாலு இறக்கை ஃபேனைக் கழற்றி வீட்டு மூலையில் கடாசிவிட்டு, ரெண்டையும் மாட்டினேன். அப்புறம் பானெட்டை மூட, அதன் மேல் ஏறி உட்கார வேண்டியிருந்தது.

புது சாமான் மாட்டினால் பூஜை போடாமல் இருப்போமா? அதிலும் கல்யாண வண்டி! முன்பக்கம் மூன்று வரிசை சாமந்தி மாலை, அதன் மேல் மாவிலைத் தோரணம், இரண்டு ஓரத்திலும் குலையோடு வாழைமரம். போதாததற்கு எங்கள் நைனா, அதாவது அப்பா, குலதெய்வத்தை வேண்டி மஞ்சள் துணி ஒன்றைக் குறுக்கே இழுத்துக் கட்டினார். பொட்டு வைக்கக்கூட இடம் பாக்கி இல்லை.

மற்றவர்கள் எல்லாரும் முந்தின நாளே பஸ்ஸில் போய்விட்டார்கள். விடிந்ததும் காரில் நான், முன் சீட்டில் நைனா, பின் சீட்டில் சீர்த் தட்டுகளுக்கு நடுவே பட்டுப்புடவையில் தங்கச்சி. ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். வடமாலபேட்டை தாண்டும்போது லேசாகச் சூட்டு வாடை வந்தது. புது சாமான் அப்படித்தான் இருக்கும் என்றேன்.

மலையில் மூன்றாவது வளைவு. புஸ்ஸென்று ஆவி கிளம்பி முன்னால் ரோடே தெரியவில்லை. இறங்கித் தண்ணீர் ஊற்றினேன். ரெண்டு வளைவு போனது, மறுபடி புஸ். இப்படியே நின்று நின்று, கொண்டுவந்த தண்ணீர் எல்லாம் தீர்ந்தது. கடைசியில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வைத்திருந்த பன்னீரையும் ரேடியேட்டரில் ஊற்றினேன். அடுத்த தடவை ஆவி கமகமவென்று வந்தது.

தங்கச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அண்ணா, கோச்சிக்காத. மூஞ்சி பூரா துணியக் கட்டிக்கினா உனக்கு மூச்சு வருமா? முன்னாடி கட்டிக்கிறத அவுத்துடு, காத்து உள்ள போவட்டும்."

"முகூர்த்தத்துக்கு முன்னாடி கல்யாண வண்டி மாலைய அவுக்கறதா? நல்லா கீதே உன் பேச்சு!" என்றார் நைனா.

நானாவது கேட்டேனா? "நீ அம்மி மிதிக்கிற வேலையப் பாரு. இஞ்சின நான் பாத்துக்கறேன்" என்றேன்.

நடந்து மலை ஏறுகிறவர்களின் பாதை ரோட்டோடு ஒட்டி வருகிற இடத்தில் கார் அடியோடு நின்றுவிட்டது. மணி ஒன்பது ஆகியிருந்தது. கீழே நாங்கள் ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டு வந்த ஒரு கூட்டம், "கோவிந்தா!" என்று எங்களைத் தாண்டிப் போனது. அதில் ஒரு பெரியவர் என் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரண்டி, நடிச்சி போதாம்" என்று தெலுங்கில் கூப்பிட்டார். வாங்க, நடந்தே போகலாம் என்று!

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். "நான் இவங்களோட நடந்து போறேன். நீங்க வண்டியத் தள்ளிக்கினு வாங்க" என்றாள். மணப்பெண் ஒண்டியாக நடந்து போய் நின்றால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள்? எனக்கு உயிரே போய்விட்டது. அவள் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பின்னால் "அய்யய்யோ!" என்று நைனா அலறினார்.

திரும்பினால், கார் மேல் இருபது குரங்கு. வாழைக்குலை கண்மூடித் திறப்பதற்குள் காலி. சாமந்தியைப் பிய்த்துத் துன்னுது ஒன்று. தோரணத்தை இழுத்துக்கொண்டு ஓடுது இன்னொன்று. ஒரு கிழட்டுக் கடுவன் மஞ்சள் துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறியது. குச்சியை ஓங்கின நைனா, அதைப் பார்த்ததும் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அனுமாரே வந்து அவுத்துட்டாரு. இனி தோஷம் இல்ல, வண்டிய எடு" என்றார்.

இஞ்சின் ஆறட்டும் என்று கொஞ்சம் நின்று, நடந்து வந்தவர்களிடம் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றிக் கிளப்பினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மேலே போய்ச் சேரும்வரை ஒரு பொட்டு ஆவி இல்லை. பத்துக்கு மேல் ஆகிவிட்டாலும் முகூர்த்தம் தப்பவில்லை. வாசலில் மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சும்மா இருந்தேனா? "புது ஃபேன் மாமா, ஆறு இறக்கை!" என்றேன். தங்கச்சி குனிந்த தலையை ஒரே ஒரு தடவை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு மாசம் கழித்துப் பழைய நாலு இறக்கையையே மாட்டி, டாங்கியைக் கழற்றிவிட்டு, முன்னால் ஒரு பூகூடக் கட்டாமல் தனியாக மலை ஏறினேன். கார் ஒரு இடத்தில்கூடக் கொதிக்கவில்லை.

இதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குள் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயாச்சு. அவர்கள் வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும் மச்சான். நீங்களா சொல்ற வரைக்கும் கிண்டல் பண்ணக் கூடாதுன்னு உங்க தங்கச்சி சத்தியம் வாங்கிக்கினா" என்றார். அடுப்படியில் அவள் சிரிப்பதும் கேட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணியும் வந்தது.

இப்போதும் யாராவது வந்து, வண்டி சூடாகிறது, பெரிய ஃபேன் வாங்கிப் போடலாமா என்று கேட்டால், முன்னால் என்ன கட்டியிருக்கிறாய் என்று முதலில் கேட்பேன். அப்புறம், பின் சீட்டில் இருந்து யாராவது ஏதாவது சொன்னார்களா என்றும் கேட்பேன்.