தராசில் சரி, டின்னில் குறைவு

டிவியில் ஒருவர் கரும்பொருளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். நட்சத்திரக் கூட்டங்களின் எடையைக் கணக்கிட்டால், கண்ணுக்குத் தெரிவதைவிட மிக அதிகமாக வருகிறதாம். அந்த மிச்சம் எதனால் ஆனது என்று யாருக்கும் தெரியாதாம். இன்னும் பிடிபடாத நுண்துகளாக இருக்கலாம், குட்டிக் கருந்துளைகளாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். கேட்கப் பொறுக்காமல் டிவியை அணைத்துவிட்டேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. எனக்கு ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்துப் பங்கீட்டு அரிசி ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நாங்கள் காஜா பேராங் என்ற ஊரில் இருந்தோம். அப்பா வயிற்றுப்போக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மரவள்ளிக்கிழங்கு கொடுத்தால் போன வேகத்தில் வெளியே வந்துவிடும். அரிசிக் கஞ்சி மட்டும்தான் கொஞ்சம் தங்கும்.

பங்கீட்டுக் கடை நம் ஆளுடையதுதான். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையத் ‘தங்கச்சி’. தராசில் முள் நேராக நிற்கும்படி நிறுத்துக் கொடுப்பார். அம்மா அதை வீட்டில் பால்டின்னால் அளப்பார். எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் அரிசிக்கு அதுதான் அளவு. தராசில் சரியாக இருந்த அரிசி டின்னில் குறையும். அரிசியைவிடக் கனமான ஏதோ ஒன்று உள்ளே இருந்தது. களைந்தால் சட்டியின் அடியில் வெள்ளைச் சேறு படியும். எத்தனை தரம் களைந்தாலும் கஞ்சி நறநறக்கும். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளுவார்.

அது என்னவாக இருக்கும் என்று வரிசையில் நின்றவர்களுக்குள் ஓயாத பேச்சு. சுண்ணாம்பு என்றார் ஒருவர். இடித்த சிப்பி என்றார் இன்னொருவர். அம்மா நேராகவே கேட்டுவிட்டார்.

“அண்ணே, அரிசியில என்னமோ கலந்திருக்கு. அவருக்கு வவுறு தாங்கல.”

“நான் என்னா செய்ய தங்கச்சி? குடோன்லேர்ந்து மூட்டையே அப்பிடித்தான் வருது. நானும் இதத்தான் திங்கிறேன்.”

அம்மா நம்பினார். நானும் நம்பினேன்.

அப்பா இறந்த அன்று முதல் ஆளாக வந்தவர் அவர்தான். கையில் ஒரு துணிப்பொட்டலம்.

“வாய்க்கரிசிக்கு வெச்சுக்க தங்கச்சி.”

அம்மா அதை முறத்தில் கொட்டினார். பழக்கதோஷத்தில் விரலால் கிளறினார். கல் இல்லை, மாவு இல்லை. முத்து முத்தாக, சுத்தமான பச்சரிசி. செத்தவன் வாயில் கல்லைப் போட அந்த மனுஷனுக்குப் பயம். உயிரோடு இருந்தவன் வயிற்றில் போடப் பயமே இல்லை. தூ!

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நல்ல அரிசி இருந்திருக்கேண்ணே.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாடையருகே போய் நின்றார்.

வீட்டில் வேறு அரிசி இல்லை. அதைத்தான் அப்பா வாயில் போட்டோம்.