பெட்டகத்தில் வைக்க முடியாத முதல்

வங்கி வேலை என்றால் பணத்தோடு பழகும் வேலை என்று ஊரில் நினைக்கிறார்கள். கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகு வலி சம்பாதித்த உங்களுக்குத் தெரியும், இது முழுக்க மனிதர்களோடு பழகும் வேலை. நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் கிளையில் கடன் பிரிவில் இருக்கிறேன்.

கமலா போன பிறகு

என்னோடு வேலை பார்த்த கமலா வேறொரு வங்கிக்கு மாறினார். அவருடைய மேசை, கணினி, கோப்புகள் எல்லாம் எங்களிடமே இருந்தன. ஆனாலும் எங்களிடம் கடன் வாங்கிவந்த லோரிக்காரர்கள் ஒவ்வொருவராக அவர் பின்னால் போனார்கள். கிளையின் லாபம் சரிந்தது. மூடிவிடலாமா என்று தலைமையகத்தில் பேச்சு வந்தது. ஐந்து லோரி வைத்திருக்கும் முருகையா அண்ணனுக்குப் போன் போட்டுக் காரணம் கேட்டேன்.

"அங்கயும் இதே வட்டிதான் லா. ஆனா என் லோரி எந்த மாசம் ஓடும், எந்த மாசம் படுக்கும்னு கமலாவுக்குத்தானே தெரியும்!"

புதன்கிழமைப் பாடம்

இதைக் கேட்ட மேலாளர் ரஹிம், ஒருவருக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று முடிவெடுத்தார். புதன்கிழமைதோறும் கதவு திறக்கும் முன் அரை மணி நேரம், ஆளுக்கொரு பாடம். என் முறை வந்தபோது, மழைக்காலத்தில் லோரி வருமானம் ஏன் குறைகிறது, தோட்டத்து ஆள்கள் விண்ணப்பப் பாரத்தை நிரப்பச் சொன்னால் ஏன் கூச்சப்படுகிறார்கள் என்று சொன்னேன். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். எனக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகத் தோன்றியதே இல்லை. கவுண்ட்டரில் இருக்கும் சீனப் பெண் மெய் லிங் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டே மலாயில் கேட்டாள்.

"அக்கா, இதெல்லாம் எந்த யூனிவர்சிட்டியில படிச்சீங்க?"

பேசாத மாரியம்மாக்கா

ஒரு நாள் மெய் லிங் ஓடி வந்தாள். "அக்கா, மாரியம்மாக்கா வந்திருக்காங்க. வாயே திறக்கல. சிலிப்பை மட்டும் நீட்டுறாங்க, சேமிப்பு மொத்தத்தையும் யாருக்கோ அனுப்பணுமாம்." மாரியம்மாக்கா எங்கள் பழைய வாடிக்கையாளர்; வந்தால் கிளையே அதிரப் பேசுகிறவர். போய்ப் பார்த்தேன். காதில் போன். எவனோ தான் போலீஸ் என்று மிரட்டுவது எனக்கே கேட்டது. பேசினால் அவனுக்குக் கேட்டுவிடும். ஒரு சிலிப்பைத் திருப்பித் தமிழில் எழுதினேன்: 'இவன் போலீஸ் இல்லை. போனை வையுங்கள்.' எழுத்துக் கூட்டிப் படித்தார். என் முகத்தைப் பார்த்தார். போனை வைத்துவிட்டு அழுதார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்த பிறகுதான் அவருக்குப் பழைய குரல் வந்தது.

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலு எழுத்து படிச்சது இன்னைக்கு என்னைக் காப்பாத்திருச்சு, தங்கச்சி!"

எந்தக் கட்டம்?

மாரியம்மாக்கா தன் தாமான் குடியிருப்பில் பாதிப் பேரை எங்களிடம் கணக்குத் திறக்க வைத்தார். மெய் லிங் போன் போட்டு அரைகுறைத் தமிழில் டயர் விலை விசாரித்ததில் மயங்கி, முருகையா அண்ணன் ஆறாவது லோரிக்குக் கடன் கேட்டு எங்களிடமே வந்தார். லாபம் ஏறியது; மூடும் பேச்சு நின்றது. எப்படி ஏறியது என்று பார்க்கக் கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி ஆய்வுப் பாரத்தோடு வந்தார். புது இயந்திரமா, புது விளம்பரமா என்று அதில் கேள்விகள். ரஹிம் என்னையும் மெய் லிங்கையும் கைகாட்டினார். மெய் லிங் தன் புதன்கிழமை நோட்டை நீட்டினாள். அந்த அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, பேனாவை மூடினார்.

"இதுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடுறதுன்னே தெரியலையேக்கா!"

இத்தனைக்குப் பிறகும் ஆண்டறிக்கையில் நாற்காலிகூடச் சொத்துக் கணக்கில்தான் வருகிறது, அதில் உட்கார்ந்திருக்கும் நாங்கள்தான் செலவுக் கணக்கில் வருகிறோம்.