எலியின் ஈரலும் செல்வியின் பிள்ளையும்

ஜெர்மனியில் எங்கள் ஆய்வுக்கூட உணவகத்தில் ‘லேபர்கேஸ்’ என்றொரு இறைச்சிப் பண்டம் விற்கிறார்கள். லேபர் என்றால் ஈரல். வந்த புதிதில், இதில் ஈரல் இருக்கிறதா என்று பரிமாறும் அம்மாளிடம் கேட்டேன். எனக்கு ஈரல் பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டவர், அடுத்த வாரம் எனக்கென்று எடுத்துவைத்த ஈரல் வறுவலை நீட்டினார். காலை முழுக்க எலிக்கருவின் ஈரலை நறுக்கிவிட்டு வந்திருந்தேன். மறுக்குமளவு ஜெர்மன் தெரியாததால் சாப்பிட்டேன். அவர்கள் விற்கும் லேபர்கேஸில் ஈரலே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

என் வேலையை ஊரில் புரியவைப்பதும் இதே கதைதான். கருவில் ஈரல் முதலில் ரத்தம் தயாரிக்கும் இடமாகத்தான் இருக்கிறது. பித்தம் சுரக்கவெல்லாம் மெல்லத்தான் பழகுகிறது. எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று முடிவு செய்பவற்றில் உட்கரு ஏற்பிகள் என்ற புரதங்களும் உண்டு. ஹார்மோனோ பித்த அமிலமோ வந்து ஒட்டினால், டி.என்.ஏ.வில் உரிய இடத்தைப் பிடித்து அவை மரபணுவை இயக்கும் அல்லது நிறுத்தும். நான் ஆராயும் ஏற்பி, செல்லுக்குள் பித்தம் மிஞ்சும்போது அதை வெளியேற்றும் மரபணுவை முடுக்கிவிடும். எங்கள் ஊர் அகரத்தில் கத்திரிக்காய் பறித்துக்கொண்டே இதைக் கேட்ட அப்பா, “அப்ப நீ ஈரல் டாக்டரு” என்று முடித்துவிட்டார்.

நாகல் நகரில் இருக்கும் என் தங்கை செல்விக்குப் பையன் பிறந்தான். வாரங்கள் போயும் அவன் கண்ணிலும் உடம்பிலும் மஞ்சள் இறங்கவில்லை. காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று அவள் மாமியார் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். போனில் நான் கேட்டது ஒன்றுதான்: வெளிக்குப் போவது என்ன நிறம்?

“களிமண்ணு காஞ்ச மாதிரி வெளுப்பா இருக்குக்கா.”

பித்தம் குடலுக்கு இறங்கவில்லை என்று புரிந்தது. இன்றைக்கே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று கத்தினேன். செல்வியின் கணவர் முருகன் போனை வாங்கினார்.

“எலிக்குப் பாத்தத வச்சு எம்புள்ளைக்குச் சொல்லாதீங்க மதினி.”

அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். தினமும் கூப்பிட்டேன், அவர் எடுப்பதை நிறுத்தினார். கடைசியில் செல்வியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரை பஸ் ஏறினாள். பித்தக் குழாய் அடைத்திருக்கிறது, இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். வெளியேற வழியே இல்லாதபோது என் ஏற்பி எந்த மரபணுவை முடுக்கி என்ன? ஆய்வுக்கூடத்தில் என் பேராசிரியரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்டரெஸ்டிங்” என்றார். பெற்றோர் சம்மதித்தால் பிள்ளையின் ஈரல் திசுவில் சிறு துண்டு ஆய்வுக்குக் கிடைக்குமா என்றும் கேட்டார். ஆறுதல் கேட்டுப் போனவள் எழுந்து வந்தேன்.

குடலை ஈரலோடு இணைத்து அறுவை செய்தார்கள். பிள்ளை பிழைத்தான். ஈரல் தாங்குமா என்பது போகப்போகத்தான் தெரியும். முருகன் இப்போது அவராகவே வீடியோவில் கூப்பிட்டு, “கண்ணுல மஞ்ச இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க மதினி” என்கிறார். வாசலுக்குத் தூக்கிவந்து பையனின் முகத்தை வெயிலில் காட்டுகிறார். அந்த வெயிலில் சுவர், துண்டு, கண் எல்லாமே மஞ்சள். நிறம் சரியாகத் தெரியட்டும் என்று போனை எடுத்துக்கொண்டு என் சன்னலோரம் போகிறேன். வெளியே பனி, அந்த வெளிச்சம் பட்டதும் திரையில் எல்லாமே வெளுத்துவிடுகிறது. அவர்கள் காத்திருக்கிறார்கள். நான் போனை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நிற்கிறேன்.