வலைக்குப் பின்னால் நின்றவர்

என் மாமனாரைச் சைரன் என்றால்தான் ஊரில் பலருக்குத் தெரியும். பஸ் பணிமனையில் டயர் பிரிவில் வேலை. பணிமனையின் கால்பந்து அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். பந்தைப் பிடித்ததைவிடக் கத்தியதுதான் அதிகம் என்பார்கள். முன்னால் நிற்கிறவனுக்கு முதுகில் கண் கிடையாது, பின்னால் நிற்கிறவன்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. அவருக்கு முன்னால் நின்று தடுத்தவரின் பட்டப்பெயர் தூண். "இடது. ஆளு வர்றான்" என்று இவர் கத்தினால் அவர் திரும்பிப் பார்க்காமலே காலை நீட்டுவார். அப்படியே இரண்டு பேருமாகக் கோப்பைகளை வாங்கிக் குவித்தார்கள். எனக்கும் பந்துக்கும் ஏழாம் பொருத்தம். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்ததில்தான் இவ்வளவும் தெரியும்.

பணிமனைத் தொழிலாளர் சங்கம் அவருக்குப் பாராட்டு விழா எடுக்கப்போகிறது என்றதும் வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மாமாவுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். வெளியே யாரிடமும் நாங்கள் மூச்சு விடவில்லை. கூடத்தில் ஒரு நாற்காலியை நகர்த்திவிட்டாலும் மாமியார் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

"சொல்லிட்டாத்தான் என்ன குறைஞ்சுடும்?" என்று மாமியார் கேட்டார்.

"ஒண்ணும் குறையாது. ஆனா மேடையில கண்ணைப் பத்தித்தான் பேசுவாங்க. நான் புடிச்ச பந்தைப் பத்தி ஒருத்தனும் பேச மாட்டான். அன்னிக்கு ஒரு நாள் கோல்கீப்பராவே இருந்துட்டு வந்துடறேனே."

நான் கையைப் பிடித்து மேடையேற்றுவது, கேடயத்தை வாங்கியதும் மூட்டு வலி என்று சொல்லி அழைத்து வந்துவிடுவது என்று முடிவாயிற்று.

பணிமனை மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் மேடை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கேடயம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் சங்கச் செயலாளருக்கு அதிகப்பிரசங்கித்தனம் கூடவே பிறந்தது. மைக்கைப் பிடித்து, "இப்ப ஆடுற நம்ம டீம் கேப்டன் ஒரு பெனால்டி அடிப்பாரு, நம்ம சைரன் புடிப்பாரு" என்று அறிவித்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. அந்த ஆளின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது எனக்கு. மாமியார் முகம் வெளுத்துவிட்டது.

மாமா எழுந்துவிட்டார். "கம்பத்துகிட்ட விட்டுட்டுப் போயிடு மாப்ளே" என்றார். விட்டேன். கம்பத்தைத் தொட்டார். கோட்டின் மேலேயே நடந்து போய் அடுத்த கம்பத்தையும் தொட்டார். பிறகு நடுவுக்கு வந்து குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தார். நடு எது என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்திலும் அப்படிக் கிழிப்பாராம், நடுவர்கள் திட்டுவார்களாம். பழைய ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்துக் கைதட்டினார்கள்.

தூண் மட்டும் சிரிக்கவில்லை. சைரன் கம்பத்தைத் தொட்டுப் பார்த்து அவர் ஒருநாளும் கண்டதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார், யாரிடமும் எதுவும் சொல்லாமல் நடந்துபோய் வலைக்குப் பின்னால் நின்றுகொண்டார். எதிரே நின்று சொன்னால் வலது இடதாகிவிடும் என்று இவர்கள் இருவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அவரை விட்ட கம்பத்தருகேயே நின்றுவிட்டதால் என் காதிலும் விழுந்தது.

"டேய், நான் பின்னாடி நிக்கறேன்."

மாமாவின் தோள் லேசாக இறங்கியது.

அந்த இளம் கேப்டன், பெரியவருக்கு மரியாதை கொடுத்து மெதுவாகத்தான் உதைத்தார். "வலது. கீழ" என்றது குரல். மாமா விழுந்தார். அந்த வயதில் அப்படி விழக்கூடாது. பந்து நெஞ்சுக்கும் கைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அதன் பிறகு பேசியவர்கள் எல்லோரும் அவர் பிடித்த பந்துகளைப் பற்றியே பேசினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் அவர் முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணை ஈரத்துணியால் துடைத்துவிட்டார்.

"தூணுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் மாமா.

மாமியாரின் கை நின்றது. "என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் கேக்கலை. வலதுன்னு மட்டும் சொன்னான்."

சொல்லிவிட்டு அழுதார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.